எதற்கு லீவு என்று கேட்ட அண்ணாத்தே

உலகத்து நாடுகள் எல்லாம் கூடி உட்கார்ந்து பேசும் சபை ஒன்று இருக்கிறதே, அதில் நாளைக்கே ஒரு நாற்காலி காலியானால் நான் சிபாரிசு செய்யக்கூடிய ஒரே ஆள், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் வேனை ஓட்டிய லீவு அண்ணாத்தேதான். அவர் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியது இரண்டு தடவை, இரண்டும் திருப்பதிக்கு, இரண்டும் மொட்டை போட. ஆனால் ஜெர்மனியில் அக்டோபர் மூன்றாம் தேதி ஏன் விடுமுறை, ஜப்பானில் மலைக்கு ஏன் ஒரு நாள் விடுமுறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். எங்களுக்கு அதுதான் சிக்கலாக இருந்தது.

பட்டப்பெயரைப் பார்த்து, அடிக்கடி லீவு போடுகிற ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். நான் அந்த வேனில் போன நாட்களில் அவர் லீவு போட்டு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பது ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. வாசல் செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தில் 'லீவு, வேன், உள்ளே' என்றுதான் எழுதுவார். என் போனிலும் இன்றுவரை 'லீவு அண்ணாத்தே' என்றுதான் இருக்கிறது. மேனாம்பேட்டில் இப்போதும் சௌக்கியமாக இருக்கிறார். இதைப் படித்துவிட்டு, எங்கெங்கே தப்பாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லக் காலையிலேயே கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

எங்கள் ஆபீஸ் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வரும் புகார்களைப் படித்து, வகைபிரித்து, பதில் எழுதுவது வேலை. ஜன்னலோரம் அமெரிக்கா, குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஜெர்மனி, கழிப்பறை வழியில் இங்கிலாந்து. எந்த நாட்டுக்கு வேலை செய்கிறோமோ அந்த நாட்டு விடுமுறைதான் நமக்கும். சட்டப்படி விட்டே ஆக வேண்டிய தேசிய விடுமுறைகள் மட்டும் விதிவிலக்கு. பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே அமெரிக்காக்காரரின் கோபத்துக்குப் பதில் எழுதிவிட்டு, நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காரணமே தெரியாமல் வீட்டில் படுத்துத் தூங்குகிற ஆபீஸ் அது.

அண்ணாத்தேக்கு ஞானம் பிறந்ததும் அப்படி ஒரு காரணம் தெரியாத நாளில்தான். ஒரு பிப்ரவரி மாதக் காலை, ஜப்பான் டீமை ஏற்றிக்கொள்ள முகப்பேர் மேற்கில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, ஒரு ஈ காக்கா ஏறவில்லை. போன் போட்டால் ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இன்னிக்கு லீவுண்ணே, உங்களுக்குச் சொல்லலையா?" என்றாளாம்.

"இன்னாத்துக்கு லீவு?"

"தெரியாதுண்ணே. லிஸ்ட்ல இருக்கு."

அந்த 'லிஸ்ட்ல இருக்கு' அவருக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "அந்த ஊரு ராஜாவுக்குப் பொறந்த நாளாம். செரி, பொறக்கட்டும். லீவு போட்டுகினு தூங்குற பொண்ணுக்கு அத்து தெரில. தூங்காம வண்டி எட்டாந்து ரோட்ல நிக்கிறனே, எனக்காவது தெரியணுமா இல்லியா?" என்று அந்தக் கதையை முடிப்பார். எங்களுக்குக் குறைந்தது நாற்பது தடவை முடித்திருக்கிறார்.

அன்றைக்கே ஒரு தினசரி காலண்டர் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் மாட்டினார். நம் வீடுகளில் கிழிப்போமே, ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் போட்டு, அதே காலண்டர்தான். ஒவ்வொரு நாட்டு விடுமுறையையும் ஆபீஸ் ஆட்களிடமும், மற்ற கம்பெனி டிரைவர்களிடமும் கேட்டுக் கேட்டு, அந்தந்தத் தாளில் நீல மையில் குறித்துவைத்தார். 'மேஷம்: நன்மை' என்பதற்குக் கீழே 'ஜப்பான்: கடல்' என்று இருக்கும். 'கரிநாள்' என்பதற்குப் பக்கத்தில் 'அமெரிக்கா: விருந்து' என்று இருக்கும்.

குறித்துவைத்ததோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவர் ஒரு சட்டமும் போட்டார். எந்த நாட்டுக்கு நாளை விடுமுறையோ அந்த டீம் ஆட்கள், வேனில் ஏறும்போது எதற்கு விடுமுறை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பிடித்த சீட்டு. சொல்லாவிட்டால் கடைசி சீட்டு, பின் டயருக்கு நேர் மேலே. எஸ்டேட் ரோட்டில் கடைசி சீட்டில் போவது என்றால் என்ன என்று, போனவர்களுடைய முதுகெலும்பைக் கேட்க வேண்டும். எம்.பி.ஏ. படித்த எங்கள் டீம் லீடர் ஒருவர், இங்கிலாந்தின் 'பேங்க் ஹாலிடே'வுக்குக் காரணம் 'பேங்க் கண்டுபிடிச்ச நாள்' என்று துணிந்து அடித்துவிட்டு, ஒரு வாரம் உட்காரும்போதெல்லாம் முனகினார்.

நான் அங்கே சேர்ந்தது ஒரு ஜனவரி மாதம். எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். மெட்ராசுக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதில், அப்பா ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். "ஜூன் முடியிறதுக்குள்ள வேலைய நிரந்தரம் பண்ணிக்க. இல்லாட்டி பெட்டியக் கட்டிக்கிட்டு பேசாம வந்துரு" என்பது ஒப்பந்தம். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் அங்கே எனக்கு ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே அந்த ஆறு மாதம் எனக்கு உயிர். புதிதாகத் தொடங்கிய கொரியா டீமில் ஏழு பேர், அதில் கடைக்குட்டி நான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி வேனில் ஏறுகிறேன். அண்ணாத்தே கண்ணாடி வழியாகவே பார்த்து, "புது பொண்ணா? நாளிக்கி இன்னாத்துக்கு லீவு கண்ணு?" என்றார். இது ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டு, "குடியரசு தினம்" என்றேன்.

"அத்து பேரு. நான் காரணம் கேட்டேன்."

கொடி ஏற்றுவோம், மிட்டாய் கொடுப்பார்கள், டில்லியில் ஊர்வலம் போகும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பிறகு ஏறிய பதினோரு பட்டதாரிகளுக்கும் தோன்றவில்லை. கடைசி சீட்டில் நாலு பேர்தான் உட்கார முடியும் என்பதால் மற்றவர்கள் தப்பித்தார்கள். மண்ணூர்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது அண்ணாத்தே திரும்பி உட்கார்ந்து விளக்கினார்.

"ஊடு ஒண்ணு வாங்கறோம்னு வெச்சிக்க. ஆகஸ்ட்டு பதினஞ்சு, சாவி கைக்கு வந்த நாளு. ஆனா பத்திரம்? அத்து இன்னும் வெள்ளக்காரன் எய்தி வெச்சதுதான் ஓடிகினு இருந்துச்சி. அப்பால நம்மாளுங்கோ உக்காந்து, யோசிச்சி யோசிச்சி, நம்ம கையால எய்துன பத்திரம் செல்லுபடி ஆன நாளுதான் ஜனவரி இருவத்தாறு. சாவி மட்டும் இருந்தா ஊடு நம்மளுதா? பத்திரம் வோணாவா?"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். அண்ணாத்தே அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னதுபோல் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் மனப்பாடம் செய்தும் எனக்குப் புரியாத ஒன்று, பின் டயர் மேல் குலுங்கிக்கொண்டே புரிந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அவருடைய ரசிகை. வேனில் முதல் ஏறுகிறவள் நான், ஐயப்பன்தாங்கல் டெப்போ வாசலில். அடுத்த ஸ்டாப் வரும்வரை அவருக்குக் கிடைத்த ஒரே சபையோர் நான்தான். ஜெர்மனியை அப்படித்தான் படித்தேன். "அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிகினு நடுவுல சொவுரு வெச்சிக்கினாங்கோ. அப்பால ஒரு நாளு சொவுர இட்ச்சாங்கோ. அடுத்த வருசம் ஒண்ணா சேந்தாங்கோ. லீவு எதுக்கு உட்டான் பாரு. இட்ச்ச நாளுக்கு இல்ல, சேந்த நாளுக்கு. எங்க ஊட்ல நானும் எங்க அண்ணனும் இன்னும் சொவுர இடிக்கக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றுவார்.

அமெரிக்காவின் நவம்பர் விருந்து அவருக்கு அரைகுறையாகத்தான் பிடிக்கும். "வெளைச்சலுக்கு நன்றி சொல்ற நாளு, நம்ம பொங்கல் கணக்கா. நல்ல விசயந்தான். ஆனா நாம மாட்ட குளிப்பாட்டி கும்பிடுவோம். அவன் வான்கோயிய குளிப்பாட்டி துன்னுடறான்." ஜப்பான்மேல் அவருக்கு மரியாதை அதிகம். "கடலுக்கு ஒரு நாளு, மலைக்கு ஒரு நாளு, வயசானவங்களுக்கு ஒரு நாளு. நாம கடலுக்கு இன்னா குட்த்தோம்? கூவத்த குட்த்தோம்." கொரியாவில் அவர்களுடைய எழுத்துக்கே அக்டோபரில் ஒரு விடுமுறை உண்டு என்று தெரிந்த அன்று, மனிதர் அந்த அக்டோபர் தாளில் நீல மையால் இரண்டு கோடு இழுத்தார். பிறகு, "தமிய் தமியின்னு தொண்ட கியிய கத்துறோம். அ, ஆ-வுக்கு ஒரு அரை நாளாவது லீவு உட்டமா?" என்றார்.

இங்கிலாந்து டீமைத்தான் அவர் வறுத்தெடுப்பார். "உங்க வெள்ளக்காரனுக்கு சுதந்திர தினம் எப்போ?" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்பார். அவர்கள் போனைத் தடவித் தடவித் தேடுவார்கள். கிடைக்காது. "இருந்தாத்தான கெடைக்கும்? பாதி ஒலகத்துக்கு லீவு வாங்கிக் குட்த்ததே அவன்தான். அவனுக்கு ஒண்ணும் இல்ல, பாவம்" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார்.

இந்தச் சந்தோஷமெல்லாம் மே மாதக் கடைசிவரைதான். கொரியாவிலிருந்து பார்க் என்று ஒரு பெரிய அதிகாரி வருகிறார், டீமை வைத்துக்கொள்வதா மூடிவிடுவதா என்று பார்த்துவிட்டுப் போவார் என்று செய்தி வந்தது. வருகிற தேதி ஜூன் ஆறு. அது கொரியாவில் விடுமுறை. அங்கே அவருக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் இங்கே வருகிறார், அதனால் எங்களுக்கு அன்று வேலை உண்டு என்றார்கள். டீமை மூடினால் ஏழு பேரும் வீட்டுக்கு. எனக்கு வீடு என்றால் அறந்தாங்கி, பெட்டி, மாப்பிள்ளை.

எங்கள் மேனேஜரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் ஃப்ளெக்ஸ் பைத்தியம். ஆபீசில் யாருக்காவது குழந்தை பிறந்தால் ஃப்ளெக்ஸ், யாராவது வேலையை விட்டுப் போனால் ஃப்ளெக்ஸ், எல்லாவற்றிலும் ஓரத்தில் கைகூப்பியபடி அவருடைய படம். அவர் என்னைக் கூப்பிட்டு, "கெஸ்ட்டு வர்றன்னிக்கு அவங்க நாட்டுல ஏதோ விசேஷமாம்மா. வாசல்ல பிரமாதமா ஒரு பேனர் வெக்கணும். நீயே எழுதிக் குடுத்துடு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு" என்றார். நான் லிஸ்டைப் பார்த்தேன். 'மெமோரியல் டே' என்று இருந்தது. எந்த விடுமுறைக்கும் முன்னால் 'ஹேப்பி' சேர்த்து வாழ்த்து அனுப்புவது எங்கள் ஆபீஸ் வழக்கம். நானும் சேர்த்தேன். இருபதடி அகலம், மஞ்சள் பின்னணி, இருபுறமும் கொத்துக் கொத்தாகப் பலூன், நடுவில் மூன்றடுக்குக் கேக், 'ஹேப்பி மெமோரியல் டே', நான்கு ஆச்சரியக்குறி, மேனேஜரின் கைகூப்பு. எதற்கு அந்த விடுமுறை என்று நான் பார்க்கவில்லை. எங்களுக்குத்தான் அன்று லீவு இல்லையே, அண்ணாத்தே கேட்க மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் ஐந்தாம் தேதி மதியம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் வந்து சவுக்குக் கம்பு நட்டு வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். நாலு மணிக்கு வேனில் ஏறினேன். அண்ணாத்தே வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆங்கிலம் படிக்க வராது, பலூன் புரியும்.

"யாருக்குக் கண்ணு பொறந்த நாளு?"

"பொறந்த நாள் இல்லண்ணே. நாளைக்குக் கொரியாவுல லீவு. வர்ற கெஸ்ட்டுக்காக வெச்சது."

அவர் சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தினார். "இன்னாத்துக்கு லீவு?"

நான் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் காலண்டரின் மேல் தாளைத் தூக்கிப் பிடித்தார். ஜூன் ஆறாம் தேதித் தாளில் நீல மையில் எழுதியிருந்தது: 'கொரியா: சண்டையில் செத்தவங்க. 10 மணிக்கு சங்கு ஊதுவாங்க. ஊரே ஒரு நிமிசம் நிக்கணும்.'

"கொரியாக்காரர் ஊட்ல என் மச்சான் வண்டி ஓட்டுறான். அவன் சொன்னான்" என்றார். பிறகு மெதுவாக, "சாவு ஊட்டு வாசல்ல பலூன் கட்டி வெச்சிகீறியே கண்ணு" என்றார்.

இறங்கி வாசலுக்கு ஓடினேன். செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். அவர், "சார் கட்டச் சொன்னாரு, கட்டியாச்சு. சார் அவுக்கச் சொன்னா அவுக்கிறேன். நடுவுல நான் கை வெக்கமாட்டேன்" என்று அசையாமல் நின்றார். மேனேஜருக்கு ஒன்பது தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்று சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. செய்தி அனுப்பினேன். முழுதாகப் படிக்காமல் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பதில் அனுப்பிவிட்டார். நான் வேனில் உட்கார்ந்து அழுதேன், வேறு என்ன செய்ய? அண்ணாத்தே தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஊட்டுக்குப் போய்த் துன்னுட்டு தூங்கு. காலிலே பாத்துக்கலாம்" என்றார். எப்படி என்று கேட்டேன். "தெரில. மேனாம்பேட்டுல எனுக்கு மச்சானுங்கோ நெறிய பேரு" என்றார்.

மறுநாள் காலை பார்க்கைப் போரூரில் அவர் தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து ஏற்றிக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. வணக்கம் சொன்னேன், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், அதோடு சரி. நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐயோ, தாமதமாகிறது என்று கடுப்பாகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். போதாததற்கு, மதுரவாயல் பக்கம் வந்ததும் அண்ணாத்தே வண்டியை சர்வீஸ் ரோட்டில் இறக்கி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

"என்னண்ணே ஆச்சு? வண்டி ரிப்பேரா?"

அவர் கதவைத் திறந்தார். இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். சூரியன் இருக்கிற திசையைப் பார்த்துத் தலையைக் குனிந்து நின்றார். நான் மணி பார்த்தேன், ஆறரை. அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே பத்து மணி. சங்கு, அதாவது சைரன், ஊதும் நேரம்.

பார்க் வேனின் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்தார். நானும் ஓடிப்போய் நின்றேன். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்து முட்டுகிற மாதிரி நின்றது. "யோவ், நடு ரோட்ல இன்னா நட்டுகினு நிக்கிற? வண்டிய எடுய்யா" என்று ஆட்டோக்காரர் கத்தினார். அண்ணாத்தே திரும்பாமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ஆட்டோக்காரர் எங்கள் மூன்று பேரின் குனிந்த தலைகளையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இறங்கி வந்து கைகட்டி நின்றுகொண்டார். அவர் வண்டியிலிருந்து பூக்கூடைக்கார அம்மா ஒருவரும் இறங்கி வந்து நின்றார். மேலே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு நீளமான ஒரு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் ஆட்டோக்காரர் தணிந்த குரலில் கேட்டார். "யாருப்பா பூட்டாங்கோ?"

"சண்டைல செத்த புள்ளைங்கோ" என்றார் அண்ணாத்தே.

"எந்த சண்ட? பார்டரா?"

"கொரியாவுல. இவுரு ஊரு."

ஆட்டோக்காரர் பார்க்கை மேலும் கீழும் பார்த்தார். "கொரியாவா? செரி உடு, எந்த ஊரா இருந்தா இன்னா? பெத்தவங்களுக்கு புள்ளதான" என்று சொல்லிவிட்டு, போகிறபோக்கில் பார்க்குக்கு ஒரு சலாம் வைத்தார். பார்க் இடுப்புவரை குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

வேனுக்குள் வந்ததும் பார்க் ஆங்கிலத்தில் பேசினார், நான் அண்ணாத்தேக்குத் தமிழில் சொன்னேன். அவருடைய அப்பாவின் அண்ணன், பத்தொன்பது வயதில் போருக்குப் போனவர், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் பத்து மணிக்குச் சங்கு ஊதும்போது அப்பா அவர் படத்துக்கு முன்னால் நிற்பார், தானும் கூட நிற்பார். இந்த முறை வெளிநாட்டில், யாரோ ஒருவருடைய வண்டியில், யாருக்கும் தெரியாமல் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்தார். அதற்காகத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை அண்ணாத்தேயிடம் கேட்டேன்.

"ஒரு நாட்டுல லீவு உடுறாங்கோன்னா சும்மாவா உடுவாங்கோ? யாரோ இன்னாவோ குட்த்துகீறாங்கோ. அத்த தெர்ஞ்சிக்காம லீவ துன்னா எப்டி செரிக்கும்?" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைப் பெயர்த்துச் சொல்வதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. பார்க்குக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எஸ்டேட் ரோட்டில் திரும்பியபோதுதான் எனக்கு ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. வாசலை எட்டிப் பார்த்தேன். ஃப்ளெக்ஸைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில், அதை அப்படியே அடைத்துக்கொண்டு, யானை மாதிரி ஒரு தண்ணீர் டேங்கர் லாரி நின்றது. டேங்குக்கு மேலே இரண்டே இரண்டு பலூன்களின் உச்சி மட்டும் தெரிந்தது. செக்யூரிட்டி லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "லோடு நாளைக்குத்தானே? எடு வண்டிய." லாரிக்காரர், "கீர் உயலபா. மெக்கானிக்கு வந்தாத்தான் நகரும்" என்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். மேனாம்பேட்டு மச்சான்களில் ஒருவர். அண்ணாத்தே என்னைத் திரும்பிப் பார்த்து, "பேனர் மேல யாரும் கையே வெக்கில பாரு" என்றார்.

உள்ளே இன்னொரு கண்டம் காத்திருந்தது. கன்னங்கரேலென்ற தலையோடு மேனேஜர், ஒரு கையில் பொன்னாடை, ஒரு கையில் கேக் பெட்டி, முகம் முழுக்கச் சிரிப்போடு படியிறங்கி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாத்தே குறுக்கே போய் அவர் காதில் சொன்னார். "சார், இன்னிக்கி அவுரு பெரியப்பாக்குத் தெவசம் சார்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கள் மேனேஜர் எதில் அசட்டையாக இருந்தாலும் தன் அப்பாவின் தெவசத்தில் ஒரு எள்ளுகூடக் குறைய விடாதவர். கேக் பெட்டி ஒரே சுற்றில் முதுகுக்குப் பின்னால் போய், அங்கிருந்து செக்யூரிட்டியின் கைக்குப் போய், கடைசியில் டேங்கர்காரரின் வயிற்றுக்குப் போனது. மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பார்க்கைப் பார்த்துக் கைகூப்பினார். அத்தனை ஃப்ளெக்ஸிலும் நான் பார்த்த கைகூப்புகளில் இல்லாத ஒன்று அதில் இருந்தது.

டீமை மூடவில்லை. ரோட்டில் ஒரு நிமிடம் நின்றதற்காக யாரும் ஒரு ஆபீசை வைத்துக்கொள்வதில்லை. எங்கள் வேலையும் பார்க்கும்படியாகத்தான் இருந்தது. ஆனால் கணினிகளின் முன்னால் உட்கார்ந்து எங்கள் வேலையை அவர் எவ்வளவு பொறுமையாகப் பார்த்தார், தப்புகளை எவ்வளவு இதமாகச் சொன்னார் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கறுப்புக் கோட்டின் பையிலிருந்து அந்த ஒரு முழம் மல்லிகை நாளெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் கடைசி வாரத்தில் என் வேலை நிரந்தரமானது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் வேனுக்குத்தான் ஓடினேன். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அண்ணாத்தேக்கு இந்த மாதிரி விவகாரங்கள் ஒத்துக்கொள்ளாது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டு, "நீ ஊருக்குப் பூட்டன்னா ஐயப்பன்தாங்கல் ஸ்டாப்பிங்கு காலியா பூடும். அப்பால முகப்பேர் வரிக்கும் நான் யார்கிட்ட பேசிகினு வர்றது?" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். கடிதத்தை இரண்டு தடவை படித்துக்காட்டச் சொன்னார். பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்பது தன் பாடு என்றார். சந்தோஷம்தான் என்று குரலில் தெரிந்தது. "தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லாத ஊருல எப்படிம்மா சமாளிச்ச? யாரு கூட நின்னா?" என்று கேட்டார்.

"அண்ணன்தாம்பா" என்றேன்.

"எந்த அண்ணன்? உன்னைய நாங்க ஒத்தப் பிள்ளையாத்தானே பெத்தோம்?"

"இல்லப்பா, இருக்காரு. உங்களுக்குத்தான் தெரியாது."